உங்கள் ஃபேன் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது? ஒரு கடிகாரம் இருந்தால் நீங்களே கண்டுபிடிக்கலாம்

ஃபேன் எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். "அது என்ன, ஒரு பல்பு எரியுற மாதிரிதான்" என்பார் ஒருவர். "ராத்திரி பூரா ஓடினா பில்லு எகிறிடும்" என்பார் இன்னொருவர். வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரிதான். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் வரை எடுக்கும், பழைய குண்டு பல்பு ஒன்று எரிகிற அளவுதான். ஆனால் அயர்ன் பாக்ஸைக் கால் மணி நேரத்தில் அணைத்துவிடுகிறோம், மிக்ஸி ஐந்து நிமிடம் ஓடுகிறது, ஃபேனை மட்டும் போட்டோமா இல்லையா என்றே மறந்துவிடுகிறோம். அதனால் ஃபேனைப் பொறுத்தவரை வாட்டை விட மணி நேரம்தான் உங்களைப் பிடிக்கும்.

கணக்கு ஒன்றே ஒன்றுதான், அதை முதலில் முடித்துவிடலாம். 1000 வாட் இழுக்கிற ஒரு சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அப்படியென்றால் 1000-ஐ உங்கள் ஃபேனின் வாட்டால் வகுத்தால், எத்தனை மணி நேரத்துக்கு ஒரு யூனிட் போகிறது என்று வந்துவிடும். 75 வாட் சீலிங் ஃபேன் 13 மணி 20 நிமிடத்தில் ஒரு யூனிட் தின்னும். 50 வாட் டேபிள் ஃபேனுக்கு 20 மணி நேரம். 30 வாட் பிஎல்டிசி ஃபேனுக்கு (கரண்ட் குறைவாக இழுக்கிற வகை, பின்னால் சொல்கிறேன்) 33 மணி நேரத்துக்கு மேல். கம்ப்யூட்டரில் செருகுகிற 2.5 வாட் குட்டி யுஎஸ்பி ஃபேன் 400 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். மறுபக்கம் 1500 வாட் ஏசி, கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தால், 40 நிமிடத்தில் ஒரு யூனிட்டைக் காலி பண்ணிவிடும். 1000 வாட் அயர்ன் பாக்ஸை 15 நிமிடம் வைத்தால் கால் யூனிட். அதே கால் யூனிட்டில் உங்கள் ஃபேன் 3 மணி 20 நிமிடம் சுற்றியிருக்கும்.

மாதக் கணக்கு வேண்டுமென்றால்: 75 வாட், ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 30 நாள். 75-ஐ 10-ஆல் பெருக்கினால் 750, அதாவது முக்கால் யூனிட். 30 நாளைக்கு 22.5 யூனிட். இது ஒரு ஃபேனுக்கு. வீட்டில் நான்கு ஃபேன் இப்படி ஓடினால் 90 யூனிட். உங்கள் பில்லை எடுத்து, ஒரு யூனிட்டுக்கு என்ன போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துப் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்றைக் கவனியுங்கள், பயன்பாடு ஏற ஏற யூனிட் விலையும் ஏறுகிற முறை இருந்தால், நீங்கள் மிச்சம் பிடிக்கிற யூனிட் எல்லாம் உச்சியில் இருக்கிற விலை கூடிய யூனிட்டில்தான் கழியும். அதனால் சராசரி விலையைப் போட்டுக் கணக்குப் பார்த்தால் மிச்சம் குறைவாகத் தெரியும்.

சரி, வாட்டை எங்கே பார்ப்பது?

முதலில் லேபிள். ஃபேன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும், பெட்டி போயிருந்தால் மோட்டார் மேலேயே ஒரு ஸ்டிக்கரோ தகடோ ஒட்டியிருப்பார்கள். சீலிங் ஃபேனில் இது பெரும்பாலும் மோட்டாரின் மேல்பக்கம் தூசி மூடிக் கிடக்கும். ஸ்டூல் போட்டு ஏறுகிறவர்கள் சுவிட்சை அணைத்து, றெக்கை முழுதாக நின்ற பிறகு ஏறுங்கள், கூடவே ஒரு துணியும் எடுத்துக்கொள்ளுங்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சில லேபிளில் வாட் இல்லாமல் ஆம்பியர் மட்டும் இருக்கும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் கிட்டத்தட்ட வாட் வரும், கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். வீட்டு மீட்டர் கணக்கெடுப்பது வாட்டைத்தான், அதனால் பெருக்கி வந்த எண்ணை உச்ச வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் இருப்பது புது ஃபேன், முழு வேகம், சரியான வோல்டேஜ் என்ற நிலையில் எடுத்த எண். உங்கள் தலைக்கு மேல் பத்து வருடமாகச் சுற்றுகிற ஃபேன், அதுவும் ஒரு முறை காயில் கட்டிய ஃபேன், அந்த எண்ணுக்குக் கட்டுப்படும் என்று சொல்ல முடியாது. காயில் கட்டும்போது கம்பியின் கனமோ சுற்றுகளின் எண்ணிக்கையோ மாறியிருந்தால் மோட்டார் அதிகம் இழுக்கும், சூடும் ஏறும். அதனால்தான் நேரே அளந்து பார்த்துவிடுங்கள் என்கிறேன். செருகுகிற வகை டேபிள் ஃபேன், பெடஸ்டல் ஃபேன் என்றால் வேலை சுலபம், சுவரில் இருக்கிற பிளக்குக்கும் ஃபேனுக்கும் நடுவில் செருகுகிற சின்ன வாட் மீட்டர் கிடைக்கிறது, அதுவே எண்ணைக் காட்டிவிடும். சீலிங் ஃபேனுக்குத்தான் பிளக் கிடையாதே. அதற்கு வீட்டு மீட்டரே போதும்.

மீட்டரில் அளப்பது எப்படி

எலக்ட்ரானிக் மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு எல்இடி விட்டுவிட்டு மின்னும், பார்த்திருப்பீர்கள். அது சும்மா மின்னவில்லை. ஒவ்வொரு மினுக்கலும் குறிப்பிட்ட அளவு மின்சாரம் உள்ளே போனதற்கான அடையாளம். மீட்டரின் முகப்பிலேயே, ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எண் அச்சடித்திருக்கும், 3200 அல்லது 1600 அல்லது 1000 போல. அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், மீதி எல்லாம் வகுத்தல் கணக்கு.

3200 போட்ட மீட்டர் என்றால், 1125-ஐ இரண்டு மினுக்கலுக்கு நடுவில் ஆகிற நொடிகளால் வகுங்கள், வருவது வாட். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும், 1000 என்றால் 3600-ஐ. வேறு எண் இருந்தால் 3600000-ஐ அந்த எண்ணால் வகுத்து, வருவதை வைத்துக்கொள்ளுங்கள். சுற்றுகிற தட்டு உள்ள பழைய மீட்டரிலும் இதே கணக்குதான், ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுற்று என்று போட்டிருப்பார்கள், தட்டின் ஓரத்தில் இருக்கிற கறுப்புக் கோடு ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் என்று பார்க்க வேண்டும்.

செய்முறை இப்படி. வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும்: டிவியின் சுவிட்ச், வைஃபை பெட்டி, செல்போன் சார்ஜர், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின். முக்கியமாக ஃபிரிட்ஜ். நான் முதல் தடவை ஃபிரிட்ஜை மறந்துவிட்டேன். டார்ச்சும் கையுமாக மீட்டர் பெட்டிக்கு முன்னால் நின்று எண்ண ஆரம்பித்தால், முதல் நாலு மினுக்கல் 16 நொடிக்கு ஒன்று என்று ஒழுங்காக வந்தது, அப்புறம் திடீரென்று ஆறு, ஆறு, ஆறு. ஃபேனுக்குப் பேய் பிடித்துவிட்டதா என்று உள்ளே ஓடினால், ஃபிரிட்ஜ் கம்ப்ரசர் உறுமிக்கொண்டிருக்கிறது. ஃபிரிட்ஜ் தானாக ஓடும், தானாக நிற்கும், அதனால் ஒரு பத்து நிமிடத்துக்கு அதன் சுவிட்சை அணைத்துவிட்டு அளங்கள், கதவைத் திறக்காமல் இருந்தால் உள்ளே ஒன்றும் ஆகாது. முடித்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள், இதை மறந்தால் அளந்த லாபத்தை விட நஷ்டம் அதிகம்.

எல்லாம் அணைந்த பிறகு இரண்டு நிமிடம் மீட்டரையே பாருங்கள். மின்னாமல் இருந்தால் நல்லது. மின்னுகிறது என்றால் எங்கோ ஏதோ ஒன்று இன்னும் ஓடுகிறது, தேடுங்கள். எல்லா சுவிட்சும் அணைந்தும் மின்னிக்கொண்டே இருந்தால் அது வேறு பிரச்சினை, எலக்ட்ரீஷியனிடம் காட்டுங்கள்.

இப்போது ஃபேனை மட்டும் முழு வேகத்தில் போட்டு, இரண்டு நிமிடம் ஓடி நிலைக்கு வந்த பிறகு எண்ணுங்கள். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் ஒரு நொடி அப்படி இப்படி ஆனாலும் கணக்கு ஆடிவிடும், அதனால் பத்து இடைவெளியைச் சேர்த்து அளந்து பத்தால் வகுங்கள். ஒரு மினுக்கல் வந்ததும் "பூஜ்யம்" என்று சொல்லி ஸ்டாப்வாட்சை அழுத்தி, அடுத்ததை "ஒன்று" என்று எண்ண ஆரம்பியுங்கள். முதல் மினுக்கலையே ஒன்று என்று எண்ணுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. எங்கள் வீட்டுப் படுக்கையறை ஃபேனுக்கு 3200 மீட்டரில் பத்து இடைவெளிக்கு 160 நொடி. ஒன்றுக்கு 16 நொடி, 1125-ஐ 16-ஆல் வகுத்தால் 70 வாட். லேபிளில் 75 என்று இருந்தது. அந்த நேரத்தில் வோல்டேஜ் கொஞ்சம் இறங்கியிருக்கும், சாதாரண மோட்டார் ஃபேன் வோல்டேஜ் இறங்கினால் இழுப்பையும் வேகத்தையும் சேர்த்தே குறைத்துக்கொள்ளும்.

ரெகுலேட்டரைக் குறைத்தால் பில் குறையுமா

இந்தக் கேள்விக்கு வீட்டுக்கு வீடு ஒரு சண்டை உண்டு. எங்கள் வீட்டில் அப்பா, "அஞ்சுல வெச்சாலும் ஒண்ணுல வெச்சாலும் மீட்டர்ல ஓடுறது ஒண்ணுதான்டா" என்பார். "அது உங்க காலத்துப் பெட்டிப்பா" என்பேன் நான். அவர் சொன்னது முழுப் பொய்யும் இல்லை. சுவரில் பெரிய சதுரப் பெட்டியாக, ஒவ்வொரு எண்ணுக்கும் டக் டக்கென்று திரும்புகிற பழைய ரெகுலேட்டருக்குள்ளே இருப்பது கம்பிச் சுருள், அதாவது ரெசிஸ்டர். ஃபேனுக்குப் போக வேண்டிய வோல்டேஜில் ஒரு பங்கை அது தடுத்துப் பிடித்து, தடுத்ததைச் சூடாக மாற்றிவிடும். குறைந்த வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பெட்டி மேல் கையை வைத்தால் சுடும். மொத்த இழுப்பு முழு வேகத்தை விடக் குறையும்தான், ஆனால் மிச்சமாக வேண்டியதில் நல்ல பங்கு சுவரில் சூடாகப் போய்விடும்.

இப்போது வருகிற சின்ன ரெகுலேட்டர்கள் வேறு ஜாதி. ஒன்று, கெப்பாசிட்டர் வைத்துப் படிப்படியாகக் குறைப்பது. இன்னொன்று, மின்னலையின் ஒரு துண்டை வெட்டிவிட்டு மீதியை அனுப்புவது, இது படியில்லாமல் வழுக்கிக்கொண்டே திரும்பும், சில ஃபேன்களில் குறைந்த வேகத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகலும் கேட்கும். இரண்டிலும் சூடாகப் போவது மிகக் குறைவு. கெப்பாசிட்டர் வகையில் முனகல் கிடையாது, அதனால் மாற்றுகிறவர்கள் அதையே வாங்கலாம் என்பது என் கட்சி.

நான் அளந்தது: முழு வேகத்தில் 70 வாட் வந்த அதே ஃபேன், மூன்றில் வைத்தபோது பத்து இடைவெளிக்கு 270 நொடி எடுத்தது, கிட்டத்தட்ட 42 வாட். ஒன்றில் வைத்தால் 600 நொடி, அதாவது 19 வாட் போல. பத்து நிமிடம் நின்று எண்ண வேண்டியிருந்தது, கொசு கடித்ததுதான் மிச்சம் என்று சொல்ல முடியாது, அப்பாவிடம் ஜெயித்துவிட்டேன்.

ஏன் இவ்வளவு குறைகிறது என்றால், காற்றைத் தள்ளுவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. றெக்கையின் வேகம் பாதியானால், காற்றைத் தள்ளத் தேவைப்படும் சக்தி பாதியாவதில்லை, எட்டில் ஒன்றாகிவிடும். வேகத்தை ஐந்தில் நான்கு பங்காகக் குறைத்தாலே தேவை சரிபாதிக்கு வந்துவிடும். மோட்டாருக்குள்ளேயே சூடாக வீணாவது இதே கணக்கில் இறங்காது, அதனால்தான் மீட்டரில் எட்டில் ஒன்று தெரிவதில்லை. ஆனாலும் ஐந்திலிருந்து நான்குக்கோ மூன்றுக்கோ இறக்கினால், காற்றில் பெரிய வித்தியாசம் தெரியாமலே மீட்டரில் வித்தியாசம் தெரியும். இரவில் தூங்கிப் போன பிறகு யாருக்கும் ஐந்தாம் நம்பர் தேவைப்படுவதில்லை.

அப்புறம், அடிக்கடி அணைத்துப் போட்டால் அதிகம் இழுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. கிளம்பும்போது மோட்டார் கொஞ்சம் கூடுதலாக இழுப்பது உண்மைதான், ஆனால் அது சில நொடிச் சமாசாரம், ஒரு நிமிடம் அணைத்து வைத்தாலே அது ஈடாகிவிடும். எழுந்து போகும்போது அணையுங்கள். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடினால் அறை குளிரும் என்பதும் அப்படித்தான். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, உடம்பில் இருக்கிற வியர்வையை ஆற்றுகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. அது இழுக்கிற 75 வாட்டும் கடைசியில் அந்த அறைக்குள்ளேயே சூடாகத்தான் முடியும். சந்தேகம் இருந்தால் ஒரு தெர்மாமீட்டரை மூடிய அறையில் வைத்துப் பாருங்கள், ஃபேன் போட்டால் இறங்கவே இறங்காது.

ஏசி உள்ள வீட்டில் மட்டும் ஃபேன் கணக்கு தலைகீழ். ஏசியோடு ஃபேனையும் மெதுவாகப் போட்டு, ஏசியின் அளவை இரண்டு டிகிரி ஏற்றி வையுங்கள், உடம்புக்கு அதே சுகம் கிடைக்கும், ஃபேன் தின்கிற 30, 40 வாட்டை விட ஏசியில் குறைவது பல மடங்கு.

காற்றே வரவில்லை, கரண்ட் மட்டும் போகிறது என்றால்

முதலில் அந்தத் துணியை எடுங்கள். றெக்கையின் முன்விளிம்பில் படிகிற கறுப்புத் தூசிக்கோடு காற்று வழுக்கிப் போவதைக் கெடுக்கும், ஒரு றெக்கையில் அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் படிந்தால் ஃபேன் ஆடவும் செய்யும். ஈரத்துணியால் துடைக்கும்போது றெக்கையை அழுத்தி வளைத்துவிடாதீர்கள், கோணம் மாறினால் காற்றும் போச்சு.

துடைத்தும் மெதுவாகவே சுற்றினால், பத்தில் எட்டு தடவை கண்டன்சர்தான். எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்கள், கடையில் கெப்பாசிட்டர் என்று எழுதியிருக்கும். மேலே கப்புக்குள் ஒளிந்திருக்கிற சின்னச் சிலிண்டரோ டப்பாவோ அது. நான் இது தெரியாமல் ஒரு மெதுவான ஃபேனுக்கு ரெகுலேட்டரை மாற்றி, அப்புறம் அதையே இன்னொரு தடவையும் மாற்றி, கடைசியில் கண்டன்சரை மாற்றினேன், அப்போதுதான் ஃபேன் எழுந்து ஓடியது. பழசின் மேல் எழுதியிருக்கிற அதே எண்ணைப் பார்த்து வாங்குங்கள், சீலிங் ஃபேனில் பெரும்பாலும் 2.5 அல்லது 3.15 மைக்ரோஃபாரட் இருக்கும். பெரிய எண் போட்டால் வேகமாகச் சுற்றும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், மோட்டார்தான் சூடாகும். மெயின் ஸ்விட்சை அணைக்காமல் அந்தப் பக்கமே போகாதீர்கள், அணைத்த பிறகும் கண்டன்சரில் கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும், கை பழக்கம் இல்லாதவர்கள் ஆளைக் கூப்பிடுவதே நல்லது.

உயரமும் ஒரு காரணம். றெக்கை கூரையை ஒட்டி இருந்தால் மேலே இழுக்கக் காற்று இல்லாமல் திணறும், கூரைக்கும் றெக்கைக்கும் நடுவில் ஓர் அடியாவது வேண்டும். தரையிலிருந்து எட்டு ஒன்பது அடியில் தொங்கினால் நன்றாகக் காற்று வரும். கூரை உயரமாக இருந்தால் நீளமான ராடு போட்டு இறக்குங்கள், ஐந்தில் ஓட்டிக்கொண்டிருந்ததை மூன்றில் ஓட்டலாம்.

பிஎல்டிசி ஃபேன் வாங்கலாமா

சாதாரண ஃபேனில் சுற்றுகிற பகுதிக்குத் தானாகக் காந்தம் கிடையாது, மின்சாரத்தால்தான் அதைக் காந்தமாக்க வேண்டும், அதில் ஒரு பங்கு சூடாக வீணாகிறது. பிஎல்டிசியில் நிரந்தரக் காந்தமே உள்ளே வைத்திருப்பார்கள், எந்தக் காயிலுக்கு எப்போது கரண்ட் கொடுப்பது என்பதை ஒரு சின்னச் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். அதனால் அதே காற்றை 28 முதல் 35 வாட்டில் தந்துவிடுகிறது. குறைந்த வேகத்தில் ஒற்றை இலக்க வாட்டுக்கும் இறங்கும்.

வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர் காற்று தள்ளும் என்றும் பெட்டியில் போட்டிருக்கும், அதை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 210 கன மீட்டர், 75 வாட் என்றால் வாட்டுக்கு 2.8. 210 கன மீட்டர், 30 வாட் என்றால் 7. வாட்டைக் குறைத்து, கூடவே காற்றையும் குறைத்துவிட்ட ஃபேனை இந்த ஒரு வகுத்தல் காட்டிக்கொடுத்துவிடும். சுவரில் இருக்கிற பழைய ரெகுலேட்டரை இதனோடு சேர்க்கக் கூடாது, அதை நீக்கிவிட்டு நேர் இணைப்புதான் கொடுக்க வேண்டும், வேகத்தை ரிமோட்டில் மாற்றிக்கொள்ளலாம். ரிமோட்டில் மட்டும் அணைத்தால் சர்க்யூட் சொட்டுச் சொட்டாகக் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருக்கும், பகல் முழுக்கத் தேவையில்லை என்றால் சுவர் சுவிட்சையும் அணையுங்கள். குறை என்று பார்த்தால், சர்க்யூட் போனால் கண்டன்சர் மாற்றுவது போல மலிவாக முடியாது, அதனால் வாரண்டி எத்தனை வருடம், அதில் சர்க்யூட்டும் சேருமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுக்கு இதில் இன்னொரு லாபம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏட்டுக் கணக்குப்படி 1800 வாட்-மணி இருக்கும், நம்பிக்கையாகப் பாதி என்று வைத்தால் 900. மூன்று சாதாரண ஃபேன் ஓடினால் 225 வாட், 4 மணி நேரம். மூன்று பிஎல்டிசி ஓடினால் 90 வாட், 10 மணி நேரம். இன்வெர்ட்டர் தனக்கென்று கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அதைக் கழித்தாலும் நடுராத்திரி கரண்ட் போனால் விடிகிற வரை தூங்கலாம்.

எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். பழசு எது என்று பார்க்காதீர்கள், எது அதிக நேரம் ஓடுகிறது என்று பார்த்து, அதை முதலில் மாற்றுங்கள். 75 வாட்டிலிருந்து 30-க்கு மாறினால் 45 வாட் மிச்சம். தினம் 10 மணி நேரம் ஓடுகிற படுக்கையறை ஃபேன் என்றால் வருடத்துக்கு 164 யூனிட். அதை உங்கள் யூனிட் விலையால் பெருக்கி, புது ஃபேனின் விலையை அதனால் வகுத்தால், எத்தனை வருடத்தில் போட்ட காசு திரும்பும் என்று தெரிந்துவிடும். தினம் ஒரு மணி நேரம் ஓடுகிற ஃபேன் என்றால் வருடத்துக்கே 16 யூனிட்தான். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்தால் மட்டும் போடுகிற அறையில், வீட்டிலேயே பழைய ஃபேன் ஒன்று கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கு நான் கண்டன்சர் மட்டும் மாற்றி, பேரிங்கை மாற்றச் சொல்லிவிட்டு, அப்படியே விட்டிருக்கிறேன்.